பவுல்ராஜின் ஒலிச்சொத்து

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில், ஜெகபர் அலியின் கமிஷன் கடையில் எடை போடும் பவுல்ராஜுக்குப் பன்னிரண்டு வருஷமாகக் காலை ஆறே முக்காலுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. தராசை விட்டு நகர்ந்து, இஷாக்கின் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி, திண்டுக்கல் பூட்டு எஃப்எம்முக்குப் போன் போடுவார். அங்கே சுகன்யா எடுத்து, "சொல்லுங்கண்ணே" என்பாள். மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி என்று வரிசையாக அன்றைய விலையைச் சொல்வார். கடைசியில் வரத்து கூடுதல் என்றோ, மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது, சாக்கை மூடிக்கொண்டு வாருங்கள் என்றோ தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்ப்பார். எல்லாம் இரண்டு நிமிஷம்.

அந்த இரண்டு நிமிஷத்தை வைத்துத்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அன்றைய வேலை தீர்மானமாகும். மல்லிகை மொட்டு யாருக்கும் காத்திருக்காது. காலையில் எடுக்காவிட்டால் சாயங்காலம் செடியிலேயே மலர்ந்து கெட்டுவிடும். விலை இருந்தால் ஆள் விட்டு முழுத் தோட்டத்தையும் எடுப்பார்கள். விலை இல்லையென்றால் வீட்டு ஆட்கள் எடுத்தவரைக்கும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செடிக்கே விட்டுவிடுவார்கள். எடுப்புக் கூலிக்குக்கூடப் பூ விலை கட்டாத நாட்கள் வருஷத்தில் கணிசமாக உண்டு. அதனால் பவுல்ராஜ் இருமினால்கூடத் தோட்டத்தில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பூட்டு எஃப்எம் இணைந்தது. முதலில் ஒரு கோயம்புத்தூர்க் கம்பெனியோடு. ஆறு மாதத்தில் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒரு சென்னைக் கம்பெனியோடு. மறு வருஷம் சென்னைக் கம்பெனி, எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத ஒரு பெரிய கம்பெனியோடு. ஒவ்வொரு இணைப்புக்கும் வாசலில் புதுப் பலகை மாட்டி உள்ளே கேக் வெட்டினார்கள். முதல் கேக்கை இருபத்தாறு பேர் தின்றார்கள். மூன்றாவது கேக் பாதிக்கு மேல் மிஞ்சி, வாட்ச்மேன் முருகேசன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

கடைசிப் பலகையில் 'ஜோர் எஃப்எம்' என்று இருந்தது. ஜோர் எஃப்எம்முக்கு இருபத்திரண்டு ஊர்களில் கிளை. அந்த மூன்றாவது கேக் விழாவுக்குப் பவுல்ராஜையும் கூப்பிட்டிருந்தார்கள். புதுக் கம்பெனியிலிருந்து, பல கிளைகளுக்கு மேலதிகாரியான கிளஸ்டர் ஹெட் என்பவர் வந்திருந்தார். அவருக்குப் பேர் ஏதோ இருந்தது. எல்லாரும் கிளஸ்டர் ஹெட் என்றே கூப்பிட்டதால் பவுல்ராஜ் கடைசிவரைக்கும் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. நல்ல மனிதர், எல்லாருக்கும் கை கொடுத்தார். கை கொடுத்துவிட்டுப் பேசினார்.

"லோக்கல்னா என்ன? அது ஒரு இடம்னு நாம நினைச்சிட்டிருக்கோம். லோக்கல்ங்கிறது ஒரு ஃபீலிங். அந்த ஃபீலிங்க ஒரே ரூம்ல இருந்து இருபத்திரெண்டு ஊருக்கும் குடுக்க முடியும்னா, எதுக்கு இருபத்திரெண்டு ஊர்ல ஏசி ஓடணும்?"

இதற்குக் கை தட்டியவர்களில் ஒன்பது பேருக்கு அந்த மாதக் கடைசியில் வேலை போயிற்று.

அதற்குப் பிறகு நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வடமதுரைப் பக்கத்து விவசாயிகள் பூச்சி மருந்து பற்றிக் கேட்கும் சாயங்கால நேரம் போனது. பஸ்ஸில் தவறவிட்ட பையைப் பற்றிச் சொல்லும் அறிவிப்பு போனது. தொப்பம்பட்டியிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வாராவாரம் வந்து சொல்லும் கிணற்று நீர்மட்டம் போனது. அவற்றின் இடத்தில் எங்கிருந்தோ இரண்டு பேர் காலை முழுதும் ஒருவரையொருவர் கலாய்த்துச் சிரித்தார்கள். ஊர்ப்பேர் வரவேண்டிய இடத்தில் மட்டும் சின்ன இடைவெளி விட்டுப் பேசுவார்கள். அந்த இடைவெளியில் அந்தந்த ஊரின் பேரை மெஷின் ஒட்டிக்கொள்ளும். அதற்காகச் சுகன்யாவை உட்கார வைத்து 'திண்டுக்கல்' என்ற ஒரு சொல்லைப் பதினோரு விதமான உணர்ச்சியில் சொல்ல வைத்துப் பதிவு செய்தார்கள். பதினோராவது உணர்ச்சியைச் சொல்லி முடித்த அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில், திண்டுக்கல் மக்கள் கடற்கரைக் காற்றை நன்றாக அனுபவிக்க வேண்டும் என்று ஜோர் எஃப்எம் வாழ்த்தியது.

பூ விலையை மட்டும் எடுக்கவில்லை. அதையொட்டி ஒரு உரக்கடையின் விளம்பரமும் ஒரு செல்போன் கடையின் விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே பவுல்ராஜைத் திண்டுக்கல்லுக்கு மூன்று நாள் வரச்சொன்னார்கள். நிலைய மேனேஜராக இருந்து இப்போது ஒன்பது ஊருக்குப் பொறுப்பாளராகிவிட்ட ஈஸ்வரன்தான் போனில் கூப்பிட்டார். அவர் பேசும்போது பின்னால் எப்போதும் கார் ஓடும் சத்தம் கேட்கும். அவர் காரிலேயே குடியிருக்கிறார் என்று ஊரில் பேச்சு.

கண்ணாடி அறையில் உட்கார வைத்து, பவுல்ராஜை ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எண்ணச் சொன்னார்கள். அதற்கு மேல் நூறு நூறாகச் சொல்லச் சொன்னார்கள். பிறகு பூக்களின் பேர். பிறகு ஜோர் எஃப்எம்முக்கு, வணக்கம், நன்றி, சந்தோஷம், ஏறியிருக்கு. 'இறங்கியிருக்கு' என்று அவரே ஒன்றைச் சொன்னபோது உள்ளே இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த வார்த்தை கம்பெனியில் கிடையாது, அது கேட்பவர்களைச் சோர்வாக்கும் என்றார். அதற்குப் பதிலாக 'மென்மையா இருக்கு' என்று சொல்ல வைத்தார்கள். மூன்று நாளும் மத்தியானம் பிரியாணி. கடைசி நாள் கிளஸ்டர் ஹெட் டிவித் திரையில் தோன்றி, "உங்க குரலுக்கு இனிமே சாவு கிடையாது சார்" என்றார். பவுல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி அமலராணி பிரியாணி எந்தக் கடையில் என்று முதலில் கேட்டாள். அப்புறம், "போட்ட கையெழுத்துக்கு ஒரு காப்பி வாங்குனீகளா?" என்றாள். அவர் வாங்கவில்லை.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு வழக்கம்போல் இஷாக்கின் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிப் போன் போட்டார். சுகன்யா இல்லாத இடத்தில் ஒரு பெண் குரல், ஜோர் எஃப்எம்மைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி சொல்லி, அவருடைய இன்றைய மூட் மகிழ்ச்சி என்றால் ஒன்றையும் காதல் என்றால் இரண்டையும் அழுத்தச் சொன்னது. எதை அழுத்துவது என்று பவுல்ராஜ் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீக்கடை ரேடியோவில் பவுல்ராஜ் பேச ஆரம்பித்துவிட்டார். வணக்கம் சொன்னார். மல்லிகை, முல்லை, பிச்சி என்று வரிசை பிசகாமல் விலை சொன்னார். ஒரு தடவைகூட இருமவில்லை. இஷாக் ரேடியோவைப் பார்த்தான், போனும் கையுமாக நின்றவரைப் பார்த்தான், ஒரு டீயைப் போட்டு நீட்டினான்.

ரேடியோ சொன்னது, மெஷின் எங்கிருந்தோ எடுத்துக்கொண்ட முந்தின நாள் விலை. முந்தின நாளுக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பவுல்ராஜ் குரல் தெளிவாகிவிட்டது, உடம்பு தேறிவிட்டார் போல என்று சிலர் ஜெகபர் அலியிடம் சந்தோஷப்பட்டார்கள். பவுல்ராஜ் திண்டுக்கல்லுக்கு இரண்டு தடவை போன் போட்டு, பழைய விலை ஓடுகிறது என்று சொல்லப் பார்த்தார். இரண்டு தடவையும் மூட் கேட்டது. ஈஸ்வரன் ஒரு தடவை எடுத்து, கரூர் தாண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆவணி கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லிகை கிலோ ஆயிரத்து நானூறுக்குப் போனது. முகூர்த்தம் முடிந்ததும் வாங்க ஆளில்லை. காலை ஆறு மணிக்கே விலை இருநூறுக்குக் கீழே வந்துவிட்டது. இது வருஷா வருஷம் நடப்பதுதான், இப்படிப்பட்ட காலையில்தான் அந்த இரண்டு நிமிஷத்துக்கு மதிப்பு. ஆனால் ஜோர் எஃப்எம்மில் அந்த வாரம் ஒரு முன்னேற்றம் செய்திருந்தார்கள். விலை தினமும் குதித்தால் கேட்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கிறது என்று, ஒரு வாரத்து விலையைக் கூட்டி வகுத்துச் சொல்ல மெஷினுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆறே முக்காலுக்குப் பவுல்ராஜின் குரல் வணக்கம் சொல்லி, மல்லிகை ஆயிரத்து இருநூறு, ஏறியிருக்கு, சந்தோஷம் என்றது.

எட்டு மணிக்கு மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. வேனில், ஆட்டோவில், பஸ் மேல் கட்டி, பைக்கில் முன்னும் பின்னும் வைத்துப் பூ வந்துகொண்டே இருந்தது. எட்டரைக்கு நூற்றுப்பத்து. ஒன்பதுக்கு, பூவிலிருந்து வாசனைத் தைலம் எடுக்கும் செண்டு கம்பெனி ஆட்கள் வந்து அவர்கள் சொன்னதுதான் விலை என்று நின்றார்கள். பத்துக்குச் சாக்கோடு அவிழ்த்துக் கொட்ட ஆரம்பித்தார்கள். பாதையெல்லாம் மொட்டு. மிதித்து மிதித்து, மணம் தலைவலியாக ஏறியது.

சிலுக்குவார்பட்டி சிவனம்மாள் தன் நான்கு சாக்கையும் விற்கவுமில்லை, கொட்டவுமில்லை. கடைக்கு முன்னால் அடுக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். அறுபது வயது, ஒரு ஏக்கர் மல்லிகை, புருஷன் இல்லை. காலையில் ரேடியோ கேட்டுவிட்டுப் பன்னிரண்டு ஆளைத் தோட்டத்தில் இறக்கியிருந்தாள். பவுல்ராஜ் தராசை விட்டு வந்து, அது நான் சொன்னதில்லைக்கா என்று ஆரம்பித்தார். மெஷின் சொன்னது, மூன்று நாள் எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன் என்று விளக்கினார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய் மாதிரி இருந்தது.

சிவனம்மாள் முழுவதையும் கேட்டாள். "ஏப்பா பவுலு, ஒன் வாயிலதான கேட்டேன்" என்றாள். "வேற எவன் சொல்லியிருந்தாலும் இன்னொருத்தன ஒரு வார்த்த கேட்டுருப்பேன்." சாக்குகளைச் செண்டு கம்பெனி வண்டியில் ஏற்றிவிட்டு, கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் மார்க்கெட்டில் ஒருவர்கூடப் பவுல்ராஜிடம் அப்படிப் பேசியதில்லை. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திண்டுக்கல் போனார். மூன்று மாடியும் பூட்டிக் கிடந்தது. கீழே ஒரு அறையில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு. வாசலில் முருகேசன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பேசுறதுன்னா உள்ள போயிப் பேசுங்கண்ணே, தெனமும் ரெண்டு மூணு பேரு வந்து பேசிட்டுத்தான் போறாக" என்றார். பவுல்ராஜ் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் மெஷின் முன்னால் நின்றார். குளிர் தாங்காமல் வெளியே வந்துவிட்டார்.

முருகேசனின் போனிலிருந்து கூப்பிட்டபோது ஈஸ்வரன் எடுத்தார். பல்லடத்தில் இருப்பதாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், வருத்தப்பட்டார், இதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார். தவறான ஒலிபரப்பைத் திருத்துவதற்கு ஒரு விண்ணப்பம் உண்டு. குரலுக்குச் சொந்தக்காரர் அதைப் பூர்த்தி செய்து அனுப்பினால் முப்பது வேலைநாளில் பரிசீலிப்பார்கள். நான்தானே சொந்தக்காரன், இப்போதே எழுதித் தருகிறேன் என்றார் பவுல்ராஜ். "அண்ணே, நீங்க கையெழுத்துப் போட்டத வச்சுப் பாத்தா இப்ப சொந்தக்காரங்க கம்பெனிதான். கம்பெனி, கம்பெனி மேல விண்ணப்பம் குடுக்கணும். அப்படி இதுவரைக்கும் ஒண்ணு வந்ததில்ல" என்றார் ஈஸ்வரன். குரல் களைத்திருந்தது. மூன்று மாசமாகத் தனக்கும் சம்பளம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்று அவரே சொன்னார்.

பவுல்ராஜ் திரும்பி வந்து, ஜெகபர் அலியிடம் கேட்டு, மார்க்கெட் வாசலில் ஒரு கரும்பலகை வைத்தார். கல்யாண வீட்டு மைக் செட் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். தினமும் ஆறே முக்காலுக்கு, ரேடியோவில் வருவது தான் அல்ல என்று சொல்லிவிட்டு விலையைப் படித்தார். முதல் நாள் கூட்டம் கூடியது. இரண்டு குரலையும் ஒரே நேரத்தில் கேட்டவர்கள் தலையை அங்குமிங்கும் திருப்பினார்கள். ஒருவர் நன்றாக யோசித்து, ரேடியோவில் வருவதுதான் அசல் பவுல்ராஜ் மாதிரி இருக்கிறது, இது கொஞ்சம் கரகரப்பு என்றார்.

எட்டாம் நாள் பதிவுத் தபால் வந்தது. அமலராணி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். இந்தத் தடவை காப்பியும் எடுத்து வைத்தாள். எமது நிறுவனத்தின் உடைமையாகிய 'பவுல்ராஜ்' என்னும் ஒலிச்சொத்தை ஒத்த ஒலியைத் தாங்கள் தங்கள் வாய்வழியாக, நிறுவனத்தின் அனுமதியின்றி, வணிக வளாகமொன்றில் ஒலிபரப்பி வருவதாக அறிகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. ஏழு நாட்களுக்குள் அவ்வொலியை நிறுத்தவோ மாற்றிக்கொள்ளவோ வேண்டும். பவுல்ராஜ் மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை வாய்விட்டுப் படிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜெகபர் அலியின் கடை போனிலேயே ஒரு வீடியோ கூட்டம் வைத்தார்கள். கிளஸ்டர் ஹெட் வந்தார். கோபமே இல்லை, அன்பாகப் பேசினார். பவுல்ராஜ் அந்த முகூர்த்த மறுநாளைப் பற்றிச் சொன்னார், நான்கு சாக்கைப் பற்றிச் சொன்னார். கிளஸ்டர் ஹெட் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சார், விலை விழுந்துருச்சுன்னு காலைல சொன்னா லிஸனர் என்ன பண்ணுவாரு? ரேடியோவ ஆஃப் பண்ணுவாரு. பூவுல வர்ற நஷ்டம் அவரோடது. ஆஃப் பண்ணா அது நம்ம நஷ்டம். நாம எதுக்கு நஷ்டப்படணும்?"

பிறகு, இந்த மாதிரி உள்ளூர் ஆர்வம் உள்ளவர்களைக் கம்பெனி மதிக்கிறது என்று சொல்லி, பவுல்ராஜுக்கு 'லோக்கல் ஹீரோ' விருது தரப்போவதாக அறிவித்தார்.

விருது விழா திண்டுக்கல் பைபாஸ் பக்கத்து மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. போக வேண்டாம் என்றுதான் பவுல்ராஜ் இருந்தார். நேரில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று அமலராணி கிளப்பினாள். உரக்கடைக்காரர்கள், செல்போன் கடைக்காரர்கள், இருபத்திரண்டு ஊரிலிருந்தும் ஆளுக்கொரு ஹீரோ. பவுல்ராஜுக்குச் சால்வை போட்டு, கண்ணாடியில் செய்த ஒரு கேடயத்தைக் கொடுத்து, இப்போது நம் ஹீரோ இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள். அவர் மைக் முன்னால் போய்த் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மைக்கில் சத்தமே வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண் அவர் காதோரம் குனிந்து, சட்டப் பிரச்சினை இருப்பதால் அவர் நேரடியாகப் பேச வேண்டியதில்லை, சிரித்தபடி நின்றால் போதும் என்றாள்.

மேடையின் இரண்டு பக்கத்துப் பெட்டிகளிலிருந்தும் பவுல்ராஜ் பேசினார். வணக்கம். சந்தோஷம். ஜோர் எஃப்எம்முக்கு ஆயிரம் நன்றி. சந்தோஷம், ஏறியிருக்கு. மனசு, மல்லிகை மாதிரி, மென்மையா இருக்கு. நன்றி.

'மனசு', 'மாதிரி' என்ற வார்த்தைகளை எப்போது சொன்னோம் என்று பவுல்ராஜ் யோசித்துக்கொண்டு நின்றார். தான் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இறங்கிப் போவது மரியாதையாக இருக்காது என்று முடியும்வரைக்கும் பொறுத்திருந்தார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் அமலராணி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். அவர் இறங்கி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றாள். சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. பஸ்ஸில் செம்பட்டி வரைக்கும் கேடயம் இருவருக்கும் நடுவில் தனி ஆள் மாதிரி உட்கார்ந்து வந்தது.

மறுநாள் நோட்டீஸை ஜெகபர் அலி கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மைக்கை எடுத்துவிடச் சொன்னார். "ஒலிபரப்புன்னுதான்ப்பா போட்டுருக்கான். ஒருத்தர்ட்ட ஒருத்தர் பேசுறதுக்கு எவன்ட்டயும் உத்தரவு வாங்க வேண்டியதில்ல" என்றார். பவுல்ராஜ் கரும்பலகையில் விலைக்குக் கீழே தன் போன் நம்பரை எழுதினார். முதல் வாரம் நான்கைந்து பேர் கூப்பிட்டார்கள். அப்புறம் ஆறு மணியிலிருந்தே போன் அடிக்க ஆரம்பித்தது. இரண்டு நிமிஷத்தில் எல்லாருக்கும் சொன்னதை இப்போது ஒவ்வொருவருக்காகச் சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆனது. எட்டு மணிக்குத் தொண்டை கட்டிவிடும். ரேடியோவும் தன்பாட்டுக்கு ஆறே முக்காலுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, புது நம்பர் ஒன்று வந்தது. எடுத்து, சொல்லுங்க என்றார். அந்தப் பக்கம் காற்றுச் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும் கேட்டன. அவர் இன்னொரு தடவை சொல்லுங்க என்றார்.

"யாரு பேசுறது?" என்றாள் சிவனம்மாள்.

"நான்தான்க்கா, பவுல்ராஜு."

"ரேடியோ பவுல்ராஜா, மார்க்கெட்டுப் பவுல்ராஜா?"

"மார்க்கெட்டு" என்றார்.

"அப்பச் சொல்லு. எடுக்கவா, விடவா?"

தராசுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாங்குகிற ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். "விட்டுருக்கா. இறங்கியிருக்கு. கூலிக்குக் கட்டாது."

சிவனம்மாள் போனைக் கையில் பிடித்தபடியே தோட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டது அவருக்குக் கேட்டது. "ஏ புள்ளைகளா, போதும், வரப்புக்கு வாங்க. இன்னைக்கி வெல இல்லையாம், பவுலு சொல்லிட்டான்."